பேராச்சி செத்த வரி

செவக்காட்டில் ஒரு வாசகர் வட்டம் இருந்தது, வட்டத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம், நாலு பேருக்கு ஐந்து நாற்காலி கிடந்தது, அந்த ஐந்தாவது நாற்காலியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், டீ வந்து ஆறிக்கொண்டிருந்த நேரத்தில், பேராச்சி வந்து உட்கார்ந்தாள். நாங்கள் அப்போது வாசித்துக்கொண்டிருந்த 'நெடுங்கிணறு' நாவலின் பதினெட்டாம் அத்தியாயத்தில், அண்ணன்மார் மூன்று பேரும் துரத்த, கம்மங்காட்டு வரப்பில் ஓடிக்கொண்டிருந்தவள் அவள். ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது, உள்ளங்காலை முள் கிழித்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது, ரஹ்மத்தக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். டாக்டர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். அவர் பல் டாக்டர்தான், இருந்தாலும் அந்த மாடியில் டாக்டர் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

எங்களைப் பற்றி ஊருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது, பிரேமலீலாவுக்கு மருந்துக்கடை, ரஹ்மத்துனிசாவுக்குத் தையல்கடை, ஜெபகுமாருக்குப் பல் ஆஸ்பத்திரி, எனக்குப் பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்து எந்தப் பஸ் எந்த ஊருக்குப் புறப்படுகிறது என்று சொல்கிற வேலை. என் பெயர் ரூபவதி, என் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். வாரம் ஒரு சாயங்காலம் ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுவோம், ஒரு நாவலை எடுத்து நான் சத்தமாக வாசிப்பேன், வரிக்கு வரி நிறுத்திப் பேசுவோம், சண்டை போடுவோம், மறுபடி அதே வரியை வாசிப்பேன், இப்படி ஒரு புத்தகம் முடிய ஒரு வருஷமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். "எழுதினவரே இதவிடச் சீக்கிரம் எழுதி முடிச்சிருப்பாரே" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்பார். முடித்திருப்பார், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்.

பிரேமலீலாவுக்குப் பேர்பெற்ற பழைய நாவல்கள் வேண்டும், டாக்டருக்குக் கொலையும் துப்பும் உள்ள நாவல்கள் வேண்டும், ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் இருப்பதற்காக அது ஒன்று இது ஒன்று என்று மாற்றி மாற்றி எடுப்போம். யார் எதைச் சொன்னாலும், அவள் கோபக்காரி என்றாலும் இவன் கோழை என்றாலும், பக்கத்திலிருப்பவர் "வரியைக் காட்டு" என்பார், காட்ட வேண்டும், முடியாவிட்டால் சொன்னதை அங்கேயே வாபஸ் வாங்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு, முன்னால் புரட்டக் கூடாது. ஏற்கெனவே வாசித்த நாவலாகவே இருந்தாலும் அடுத்த பக்கம் என்னவென்று தெரியாதவர்கள் மாதிரிதான் உட்கார வேண்டும், கைவிரல் அடுத்த தாளைத் தொட்டாலே பிரேமலீலா முறைப்பாள். இந்த வழக்கம்தான் எங்களை ரொம்ப நாள் அழவைத்தது.

அவள் ஏன் வந்தாள் என்று கேட்டவர்களுக்கு நாங்கள் ஒரே பதிலைத்தான் சொன்னோம். "பேராச்சி வரப்பில் ஓடினாள்" என்கிற அந்த ஒரு வரியில் பல வாரமாக உட்கார்ந்திருந்தோம், வெறுங்காலோடு ஓடினாளா என்று ரஹ்மத்தக்கா கேட்டார், கம்பு அறுத்த தட்டை குத்தியிருக்குமே என்று பிரேமலீலா சொன்னாள், கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார், திரும்பிப் பார்த்தாளா பார்க்கவில்லையா என்று நான் கேட்டேன், இப்படி ஒரு பெண்ணை இத்தனை வாரம் இத்தனை பேர் விசாரித்தால் அவள் வராமல் என்ன செய்வாள். எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை. இத்தனை நாள் கழித்து வந்தாளே என்றுதான் இருந்தது.

ரஹ்மத்தக்கா தையல்கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில் அவளை வைத்துக்கொண்டார். ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு வேலை சொல்லத் தொடங்கியது. ரேஷன்கடைக்காரர் ஆதார் அட்டை இல்லாமல் பேரைச் சேர்க்க முடியாது என்றார், அவள் பிறந்த ஊர் எது என்று கேட்டதற்கு நான் பக்க எண்ணைச் சொன்னேன், அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதையில் வரும் ஊரை எழுதிக்கொண்டார். பஜாரில் பழக்காரம்மா ஒவ்வொரு நாளும் ஒரு கொய்யாவை இனாமாகக் கொடுத்து, "நீ ஓடுத எடத்துல நான் அழுதுருவேன்" என்று சொல்லி ஒவ்வொரு நாளும் அழுதாள். பள்ளிக்கூடத்துத் தமிழ் சார் அவளை வகுப்பில் உட்காரவைத்து, 'பேராச்சியின் முடிவு சமூகத்தை நோக்கி எழுப்பும் கேள்விகள் யாவை' என்று பரீட்சையில் எப்போதும் வரும் பத்து மதிப்பெண் கேள்வியைக் கொடுத்தார். அவள் வெறும் தாளை நீட்டினாள், சார் பூஜ்யம் போட்டார், பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பெண்பிள்ளைகள்தான் அவளை விடவில்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து வருகிற பிள்ளைகள், காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பிள்ளைகள், எல்லாரும் தையல்கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் மாசானத்தைப் பற்றிச் சொல்வாள், வண்டி ஓட்டுகிறவன், வேறு ஜாதி, மாட்டை அடிக்க மாட்டான், பாட்டு வராது ஆனாலும் பாடுவான் என்று சொல்வாள். எதற்காக ஓடினாள் என்று அவள் சொன்னதை விட, ஓடும்போது பயமாக இருந்தது, ஆனால் நிற்கத்தான் இன்னும் பயமாக இருந்தது என்று அவள் சொன்னதைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த வருஷம் ஊரில் எந்த வருஷமும் இல்லாத அளவுக்கு ஜாக்கெட் தைத்தார்கள். அப்பாமார்கள் கலங்கத் தொடங்கினார்கள்.

எங்களுக்கு வேறு கலக்கம். பதினெட்டுக்கு அடுத்தது பத்தொன்பது, பத்தொன்பதில் பேராச்சி சாகிறாள் என்பது இந்த ஜில்லாவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நாலு பேரும் பள்ளிக்கூடத்திலேயே அந்த நாவலை வாசித்து அழுதவர்கள். கிணற்றில் அவள் சேலை ஒரு தாமரை மாதிரி விரிந்து மிதந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. "அண்ணா, அண்ணா" என்று அவள் கத்தினது ரஹ்மத்தக்காவுக்கு ஞாபகம் இருந்தது, பெரிய அண்ணன் கயிற்றை அறுத்தது டாக்டருக்கு, மூன்றாவது அண்ணன் மட்டும் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதது பிரேமலீலாவுக்கு. நாலு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவள் எதிரே உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தாள், எப்படிச் சொல்வது. ஒன்று மட்டும் பேசாமலே முடிவாயிற்று. பத்தொன்பதாம் அத்தியாயத்தை நான் வாசிக்க மாட்டேன். அதை வாசித்தால் அவளைக் கொல்வது என் வாய்தான்.

புத்தகத்தைத் தையல்கடையில் நூல்கண்டு வைக்கிற அலமாரியில் வைத்துப் பூட்டினோம். வட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து நாங்கள் ஒரு புத்தகத்தையும் பாதியில் விட்டதில்லை, இதை விட்டோம், அதற்காக எங்களுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

ஆனால் அவள் கால் ஆறவில்லை. டாக்டர் கட்டிய கட்டு மறுநாள் காலையில் நனைந்திருக்கும், பிரித்துப் பார்த்தால் இப்போதுதான் முள் கிழித்த மாதிரி இருக்கும், சீழும் பிடிக்காது, காய்ந்தும் போகாது. ஒவ்வொரு விடியலிலும் ஓடிவந்த மூச்சோடுதான் எழுந்திருப்பாள், எவ்வளவு சாப்பிட்டாலும் மறுநாள் அதே பசி. ஒருநாள் மருந்துக்கடையில் பிரேமலீலாவிடம் அவளே கேட்டாள்.

"யக்கா, அடுத்த பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. உன் வேலையப் பாரு."

"மாசானம் பாலத்துக்கிட்ட வண்டியப் பூட்டிக்கிட்டு நிக்கேன்னு சொன்னான். நான் வரப்புலயே நிக்கேன், அவன் பாலத்துலயே நிக்கான். மாட்டுக்குத் தண்ணி காட்டுனானோ என்னமோ. எம்புட்டு நேரந்தான் நிப்பான்?"

"நிக்கட்டும். உயிரோட நிக்கட்டும்."

"இது உசுரா யக்கா?" என்றாள் பேராச்சி. "நேத்தே திரும்பத் திரும்ப வருது எனக்கு. எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு வேணும். நல்லதோ கெட்டதோ, எனக்குன்னு வேணும்."

பிரேமலீலா இதை எங்களிடம் வந்து சொன்னாள். நாங்கள் அழுதோம், அழுதுவிட்டு முடியாது என்று சொன்னோம். நாவல் எழுதினவர் செத்துப்போய் எவ்வளவோ காலமாகிறது, போய்ச் சட்டையைப் பிடிக்கக்கூட ஆளில்லை. பேராச்சி எங்களோடு ஒரு வாரம் பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்தார். ஊரில் பெரிய கல்யாண மண்டபம் அவருடையது, நாவலில் வருகிற பெரிய அண்ணன் பால்வண்ணன் தன் சொந்தத் தாத்தாதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவர், சொல்லிக்கொள்வதோடு நிற்காமல் ஆடி மாதம் தோறும் மண்டபத்தில் 'மானம் காத்த நாள்' என்று ஒரு விழாவே எடுப்பவர். அன்றைக்குப் பேராச்சி படத்துக்கு மாலை போடுவார்கள், நாடகம் நடக்கும், நாடகத்தில் அவளைக் கிணற்றில் தள்ளுவார்கள், தள்ளி முடித்ததும் வடை பாயசத்தோடு சாப்பாடு போடுவார்கள், ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அவருடைய தம்பி மகளும் இப்போது ஜாக்கெட் தைக்க வந்துகொண்டிருந்தாள்.

"கதையப் பாதியில நிறுத்தி வச்சிருக்கீகளாமே" என்றார், உட்காராமலே.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

"பாதியில நிறுத்துனா ஊருக்கு ஆகாது. கதைன்னா கதைப்படி முடியணும். செத்தவ கடைத்தெருவுல கொய்யாப்பழம் தின்னுக்கிட்டுத் திரிஞ்சா, பாக்குத பிள்ளைகளுக்கு என்ன தோணும்? ஓடுனாலும் ஒண்ணும் ஆகாதுன்னு தோணாதா?"

"தோணட்டுமே" என்றார் ரஹ்மத்தக்கா.

அண்ணாச்சி அவரைப் பார்க்கவே இல்லை, டாக்டரைப் பார்த்துப் பேசினார். "ஆடி விழா வருது. மண்டபத்துல மேடை போட்டுத் தாரேன், மைக் தாரேன். ஊர் முன்னால பத்தொன்பதாம் அத்தியாயத்த வாசிச்சு முடிச்சிருங்க. இல்லைன்னா இந்த மாடி உங்களுக்குக் கிடையாது. கீழ கடைக்காரர்ட்ட பேசிட்டேன்."

மாடி போனால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து வாசிப்போம், அதுவும் போனால் என் மைக்கில் வாசிப்பேன், செவக்காட்டிலிருந்து எந்தப் பஸ்ஸும் அன்றைக்குக் கிளம்பாது என்று நான் சொன்னேன். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதுகிற மாதிரி இல்லை. அண்ணாச்சி படியில் பாதி இறங்கிவிட்டார். அப்போது ஐந்தாவது நாற்காலியிலிருந்து பேராச்சி பேசினாள்.

"வாசிங்க."

நாங்கள் திரும்பினோம்.

"அங்கேயே வாசிங்க. மேடையில வாசிங்க. நானும் வாரேன். என் கதையில எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாம ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. அது என்னத்துக்கு?" பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வாயால செத்தா செத்துட்டுப் போறேன் தாயி. நீ நல்லாத்தான வாசிப்ப" என்றாள்.

அவள் உயிர், அவள் முடிவு. அதை எதிர்த்துப் பேச எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ரஹ்மத்தக்கா அவளுக்கு ஒரு புதுச் சேலைக்கு ஓரம் அடித்தார், மாம்பழக் கலரில். பிரேமலீலா கடையைச் சாத்திவிட்டு வந்து அவள் தலையை வாரிவிட்டாள்.

விழா அன்றைக்குக் காலையிலேயே மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஆண்கள், சமையல்கட்டிலிருந்து பாயச வாசனை, மேடையில் பேராச்சியின் படம், படத்துக்குச் சந்தனமாலை, படத்துக்கு அடியில் பேராச்சி. படத்தில் இருந்தவளுக்கு மூக்கு நீளம், ஊர்க்காரர் யாரோ யோசித்து வரைந்தது. அவள் நிமிர்ந்து அதைப் பார்த்து, "இது யாரு?" என்று டாக்டரிடம் கேட்டாள். பெண்பிள்ளைகள் பின்னால் கும்பலாக நின்றிருந்தார்கள், ஒருத்தியும் உட்காரவில்லை. நான் அலமாரியைத் திறந்து எடுத்துவந்த புத்தகத்தை மைக் முன்னால் பிரித்தேன். வட்டத்து வழக்கப்படிதான் வாசிப்போம், யாரும் எங்கேயும் நிறுத்திக் கேட்கலாம் என்று பிரேமலீலா அறிவித்தாள். அண்ணாச்சி தலையாட்டினார், அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது.

பத்தொன்பதாம் அத்தியாயம் கம்மங்காட்டைப் பற்றிச் சொல்கிறது, நிலவைப் பற்றிச் சொல்கிறது, குரைத்த நாயைப் பற்றிச் சொல்கிறது. ஒவ்வொரு வரியாக நான் போனேன், ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன், அவள் இருந்தாள். தாமரை மாதிரி விரிந்த சேலை இந்த வரியில் வரும் என்று பயந்தேன், வரவில்லை, அடுத்ததில் வரும் என்று பயந்தேன், அதிலும் வரவில்லை. "அண்ணா" என்று யாரும் கத்தவில்லை. கயிறு இல்லை. அப்படியே விடிந்துவிட்டது, நாவலில் விடிந்துவிட்டது, நான் இந்தப் பத்தியை வாசித்தேன்:

'விடிந்தபோது பால்வண்ணன் தம்பிமார் இருவரோடும் ஊருக்குள் வந்தான். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. சாவடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "கெணத்துல விழுந்து செத்துட்டா. நாங்களே எடுத்து எரிச்சிட்டோம். இனி அவ பேச்ச யாரும் எடுக்கக் கூடாது" என்றான் பால்வண்ணன். யாரும் எடுக்கவில்லை. அந்த வருஷம் மழை தப்பாமல் பெய்தது.'

செத்துட்டா என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. மண்டபத்தில் வழக்கம்போல் சில பேர் விசும்பினார்கள், சில பேர் கைதட்டினார்கள். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நாற்காலி காலியாக இருக்கும், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இத யாரு சொன்னா?" என்று கேட்டாள் பேராச்சி.

"பால்வண்ணன்" என்றேன். "உங்க பெரிய அண்ணன்."

"அவனா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, மாம்பழச் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அவன் சொன்னதையா இம்புட்டு காலமா நம்பிக்கிட்டு இருந்தீக?"

டாக்டர் எழுந்தார். இருபது வருஷமாகக் கொலை நாவல்களை வாசித்து வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனுஷன், அவருக்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வருகிற நாள். "ரெண்டாம் அத்தியாயத்துல மாட்டச் சீட்டாட்டத்துல தோத்துட்டு, காணாமப் போச்சுன்னு அம்மாட்ட சொன்னான். ஏழுல தானாச் செத்த சிறுத்தைய நான்தான் கொன்னேன்னான். பதினொண்ணுல கோர்ட்டுல கற்பூரத்த அணைச்சுப் பொய் சொன்னான். இந்த ஆளு இந்தப் புத்தகத்துல வாயத் திறந்து சொன்ன ஒரே ஒரு உண்மையக் காட்டுங்க, நான் ஒத்துக்கிடுதேன். கெணத்துல எறங்கிப் பொணத்தத் தூக்குனவன் வேட்டி முழங்கால் வரைக்குமா நனையும்? அது காட்டுப் பனியில நடந்த ஈரம். எரிச்சேங்கான். எரிச்சா எல்லாம் போகும், பல்லு மிஞ்சும். பல்லு எங்க?"

மண்டபத்தில் பாயசம் கிண்டுகிற கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வெட்கம் வந்தது, வரியைக் காட்டு வரியைக் காட்டு என்று உலகத்தையே வாட்டி எடுத்த நாங்கள் நாலு பேரும், அழுத அழுகையில் இந்த ஒரு வரியை மட்டும் பார்க்காமலே இருந்திருக்கிறோம். ஒரு வீணாய்ப்போன பொய்யன் வந்து சொன்னான், ஊர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டது, நாங்களும் கூடவே எழுந்து நின்றிருக்கிறோம். நாடகக்காரர்கள் கிணற்றைப் போட்டார்கள், தமிழ் சார் கேள்வியைப் போட்டார், என் பங்குக்கு நான் ஒரு தாமரையைப் போட்டிருக்கிறேன்.

வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சி எழுந்து, "அவ செத்தது எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

"வரியைக் காட்டுங்க அண்ணாச்சி" என்றாள் பிரேமலீலா. என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மேடையிலிருந்து இறங்கி, இரண்டு கையாலும் மரியாதையாக அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். பத்தொன்பதைப் புரட்டினார், இருபதைப் புரட்டினார், விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுக் கடைசிவரை போனார், திரும்பி முன்னால் வந்தார். பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் முதலில் மெதுவாகவும் பிறகு சத்தமாகவும் வரியைக் காட்டு, வரியைக் காட்டு என்று சொல்லத் தொடங்கினார்கள், அவருடைய தம்பி மகள் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவர் முகத்தில் வியர்வை வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது.

"எழுதலைன்னா என்ன, எங்க தாத்தா பொய் சொல்ல மாட்டார்" என்றார் கடைசியில்.

"நீ எங்கண்ணன் பேரனா?" என்றாள் பேராச்சி. மேடையின் விளிம்புக்கு வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள், சொந்தக்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். "அப்ப நீ எனக்கும் பேரன்தான். இது எங்க அய்யா புஞ்சையில கெட்டுன மண்டபம்னு வாசல்ல கல்லு வச்சிருக்க, பாத்தேன். எங்க அய்யாவுக்கு நாலு பிள்ளைக. என் பங்க யாருக்கும் நான் விட்டுக் குடுக்கல. எது என் பக்கம், சமையக்கட்டா, மேடையா?"

அந்த மண்டபம் அதுவரைக்கும் அப்படிச் சிரித்ததில்லை. முன்வரிசை ஆண்களே சிரித்தார்கள், சாப்பாட்டுக்கு வந்த வக்கீல் ஒருவர் அந்தம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார். அண்ணாச்சி புத்தகத்தை நாற்காலியில் வைத்தார். தொண்டையைச் செருமினார். நாவல் என்பது கற்பனை என்றும், அதில் வருகிற யாருக்கும் தன் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றும், தன் தாத்தா வேறு பால்வண்ணன் என்றும், ஊர் முன்னால், அவர் தந்த மைக்கில், அவர் வாயாலேயே சொன்னார். அன்றோடு மானம் காத்த நாள் முடிந்தது. பாயசம் நன்றாக இருந்தது.

சாப்பாடு நடக்கும்போதே வாசலில் ஹாரன் சத்தம் பெரிதாகக் கேட்க, போய்ப் பார்த்தோம். கார்களுக்கு நடுவில் ஒரு மாட்டுவண்டி வழியை மறித்து நின்றது, வண்டிக்காரன் இறங்கி மாடுகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான், புழுதியில் குளித்த மாதிரி இருந்தான். "பாலத்துல நின்னு நின்னு காலு கடுத்துப் போச்சு ஏட்டி" என்றான். பேராச்சி படியில் இறங்கினாள், கொஞ்சம் நொண்டினாள், புண் பொருக்குத் தட்டத் தொடங்கியிருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததை நான் பார்த்தேன், அதை எழுத எனக்கு வராது, எந்தப் புத்தகத்திலும் அது சரியாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் மாடியில் சும்மா கிடந்த பின்னறையை அவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார்.

'நெடுங்கிணறு' நாவலில் அதற்குப் பிறகு பேராச்சியின் பேர் வரவே இல்லை. அண்ணன்மாரின் நிலத் தகராறுதான் கடைசிவரைக்கும். நாங்கள் ஒரு வரி விடாமல் வாசித்தோம், எல்லாவற்றுக்கும் அவள் இருந்தாள், கடைசிப் பக்கம் முடிந்து நான் புத்தகத்தை மூடியபோதும் இருந்தாள், கையில் கொய்யாவோடு. எழுதினவர் அவளைத் தப்பவிட்டுவிட்டு யாரிடமும், வாசிக்கிற எங்களிடம்கூட, சொல்லாமல் போயிருக்கிறார் என்று பிரேமலீலா சொல்கிறாள். டாக்டர் அப்படியெல்லாம் இல்லை, அவருக்கே தெரிந்திருக்காது என்கிறார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அடுத்தது டாக்டரின் முறை. பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த கொலை நாவல் ஒன்றை எடுத்துவந்தார், முகமெல்லாம் சிரிப்பு, இதில் கொலைகாரன் யாரென்று கடைசிவரை ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். மாடி நிறைந்திருந்தது, ஜாக்கெட் தைக்க வந்த பிள்ளைகள் இப்போது நேராக இங்கேயே வருகிறார்கள், மாசானம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நான் முதல் வரியை வாசித்தேன். 'வேலைக்காரி கதவைத் திறந்தபோது, கட்டிலில் நிர்மலா செத்துக் கிடந்தாள்.'

"நில்லு தாயி" என்றாள் பேராச்சி.

"முதல் வரியிலயேவா?" என்றார் டாக்டர். "அந்தப் பொண்ணு சாகலைன்னா கதையே இல்லம்மா."

"இல்லாமப் போகட்டும். நாடியப் பிடிச்சுப் பாத்தது யாரு?"

டாக்டர் புத்தகத்தை வாங்கினார், அன்றைக்கு வழக்கத்தை மீறி அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அதற்கும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார், பிரேமலீலா முறைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்திருந்தார், போட்டோ எடுத்திருந்தார்கள், புருஷன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதிருந்தான். கட்டிலில் கிடந்தவளை ஒருத்தரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை.